தாளின் இடது பாதி

ஜனவரி 9

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டாவது தடவையும் எழுத்துத் தேர்வில் போய்விட்டது என்பதை, மூன்று பக்கம் மழையையும் குளிரையும் எழுதிவிட்டு, நாலாவது பக்கத்தின் அடியில் சொல்லியிருக்கிறீர்கள். நான் கடிதத்தைப் பின்னாலிருந்து படிக்கிறவள் என்று தெரியாதா?

பரவாயில்லை. நானும் வாலுவும் நீங்கள் இருக்கும் நாட்டுக்கு வந்து சேர இரண்டு காகிதம் வேண்டும். நீங்கள் மொழித் தேர்வில் தேறியதற்கு ஒன்று, வேலையில் நீடிக்கிறீர்கள் என்று கம்பெனி தரும் சான்று ஒன்று. இரண்டாவதைப் பற்றிக் கவலை இல்லை, உங்களைப் போல ஒரு கம்ப்ரஸர் மெக்கானிக்கை எவன் விடுவான்? முதலாவதை என்னிடம் விடுங்கள். ஜூன் மாதத்தோடு வாய்ப்பு முடிகிறது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஆங்கிலம் சொல்லித்தரும் டுடோரியல் டீச்சரின் வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் தோற்றார் என்று கீழே மருந்துக்கடைக்காரர் சிரிக்கிறார். எனக்கும் மானம் இருக்கிறது.

நீங்கள் இரண்டு தடவையும் சறுக்கியது ஒரே இடம். பிரசன்ட் பெர்ஃபெக்ட், பாஸ்ட் பெர்ஃபெக்ட். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தமிழில் தினமும் பேசுகிறோம். "சாவியைத் தொலைத்தேன்" என்றால் கதை முடிந்தது. "சாவியைத் தொலைத்திருக்கிறேன்" என்றால் இன்னும் பூட்டிய கதவின் முன்னால் நிற்கிறேன். காரியம் நேற்றையது, கஷ்டம் இன்றையது. அதற்குத்தான் ஹேவ், ஹேஸ். "நான் போய்ச் சேர்ந்தபோது பஸ் போயிருந்தது" என்றால் பழைய காரியம் இரண்டு. அதில் எது முந்தியதோ அதற்கு ஹேட். பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்கு ஹேட் நன்றாக வரும். உங்களுக்கு வர வேண்டும்.

ஏற்பாடு இதுதான். கடிதம் தனி, பயிற்சித் தாள் தனி. தாளை நடுவில் மடியுங்கள். இடது பாதியில் தமிழில் எழுதுங்கள், வலது பாதியில் அதையே ஆங்கிலத்தில். என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்? சிவப்பு மையில் திருத்தித் தாளை உங்களுக்கே அனுப்புவேன். தாள் மாணவனிடம் இருக்க வேண்டும், அது எங்கள் டுடோரியல் விதி. வாரா வாரம் எழுதினாலும் சரி, கை வராவிட்டால் மாதம் ஒன்றாவது வேண்டும்.

வாலுவுக்குப் பல் விழுந்திருக்கிறது. பார்த்தீர்களா, விழுந்தது நேற்று, ஓட்டை இன்றும் இருக்கிறது. இதுதான் பாடம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்

&nbsp;

ஜனவரி 27

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

பாடம் புரிந்தது மாதிரி இருக்கிறது. அறையில் என்னோடு தங்கியிருக்கும் பெயின்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் கட்டிலில் படுத்தபடி, "சாப்பிட்டேன்னு சொன்னா போதாதா? சாப்பிட்டிருக்கிறேன்னு சொன்னா வயிறு கூடுதலா நிறையுமா?" என்றான். டீச்சரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "இந்த வயசுல பொண்டாட்டிகிட்ட மார்க் வாங்கறியே, உனக்கு வெக்கமா இல்லையா?" என்கிறான். அவனுக்குப் பொறாமை. அவனுக்குக் கடிதம் வருவதில்லை.

வேலை எப்போதும் போல. கோல்டு ஸ்டோரேஜுக்குள் போகும்போது இரண்டு சட்டை, அதன்மேல் கோட்டு. வெளியே வரும்போது மீசையில் பனி. எங்கள் சூப்பர்வைசருக்கு 'கடிகாரம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். எதைச் சொன்னாலும் முதலில் கையைத் திருப்பி மணி பார்ப்பார்.

வாலுவின் விழுந்த பல்லைப் பத்திரமாக வைத்திரு. நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சு மாணவன்

பயிற்சித் தாள், இடது பாதி:
நான் நேற்று இரண்டு முட்டை சாப்பிட்டிருக்கிறேன். பெயின்டர் என் சோப்பை எடுத்திருக்கிறான். மூன்றாம் அறை வால்வில் கேஸ் கசியாமல் அடைக்கும் பாக்கிங் தேய்ந்திருக்கிறது. லேசாக அம்மோனியா நாற்றம் வருகிறது. நான் கடிகாரத்திடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் மாற்றவில்லை.

&nbsp;

பிப்ரவரி 10

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

தாளைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். பத்துக்கு நாலு. முகம் சுளிக்க வேண்டாம், டுடோரியலில் இதற்கு மூன்றுதான் போடுவேன்.

முட்டை வாக்கியம் தப்பு. 'நேற்று' என்று நாளைச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் ஹேவ் ஓடிப்போகும். சோப்பு சரி. சோப்பு இன்னும் அவனிடம்தானே இருக்கிறது? வால்வு வாக்கியங்கள்தான் பிரமாதம். "சொல்லியிருக்கிறேன், இன்னும் மாற்றவில்லை." புத்தகத்தில் போடலாம். வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டேன். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பெயின்டரிடம் சொல்லுங்கள்: சாப்பிட்டேன் என்பது செய்தி. சாப்பிட்டிருக்கிறேன் என்றால் இனிமேல் பசிக்காது, தட்டு வைக்க வேண்டாம் என்று அர்த்தம்.

இனி உதிரி வாக்கியம் வேண்டாம். தேர்வில் ஒரு மனிதனுக்கு நேர்ந்ததைக் கதையாக எழுதச் சொல்வார்கள். 'நான்' என்று எழுதக் கூடாது, 'அவன்' என்று எழுத வேண்டும். ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த வேலை, சொல்லுக்குத் தட்டுப்பாடு வராது. மற்றதெல்லாம் கற்பனையாக இருக்கட்டும். நிஜமாக நடந்ததா என்று தேர்வாளர் பார்க்க மாட்டார், வினைச்சொல் நிற்கிறதா என்றுதான் பார்ப்பார். நானும் அப்படித்தான்.

வாலு தன் பல்லைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்க வைத்திருக்கிறாள். அப்பா வரும்வரை யாரும் தொடக் கூடாதாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்

&nbsp;

மார்ச் 21

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. சளியும் தலைவலியும். இப்போது நலம். இந்த மாத முதல் ஞாயிறு வழக்கம்போல மருந்துக்கடைக்குப் போன் செய்ய முடியவில்லை. நீயும் வாலுவும் அங்கே காத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

வாலுவுக்குப் புதுப் பல் முளைத்ததா?

ஒரு விண்ணப்பம். திருத்தும்போது சிவப்பு மை வேண்டாம், கறுப்பில் எழுதேன். இங்கே அறையில் விளக்கு மங்கல். சிவப்பு எனக்குச் சரியாகத் தெரிவதில்லை.

நீ சொன்ன மாதிரி ஒரு மெக்கானிக்கைப் பிடித்துவிட்டேன்.

அன்புடன்,
உன் மாணவன்

பயிற்சித் தாள், இடது பாதி:
ஒரு மெக்கானிக் இருந்தான். அவன் அந்த அறைக்குள் போவதற்கு முன்பே வால்வின் பாக்கிங் கிழிந்திருந்தது. அவன் அதை மாற்றச் சொல்லியிருந்தான். யாரும் மாற்றியிருக்கவில்லை. மாஸ்க் இருந்த அலமாரியைப் பூட்டியிருந்தார்கள். சாவியை வைத்திருந்தவர் வீட்டுக்குப் போயிருந்தார். கேஸ் அவன் முகத்தில் அடித்தது. அவன் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் நேரம் ஆகியிருந்தது. அவனுடைய இடது கண் பார்வையை இழந்திருக்கிறது. வலது கண்ணில் புகை படிந்திருக்கிறது.

&nbsp;

ஏப்ரல் 4

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

பத்துக்கு ஏழு! நாலிலிருந்து ஏழு. தாளைத் தூக்கிக்கொண்டு போய் மருந்துக்கடைக்காரரிடம் காட்டினேன். "அட, கதாசிரியரே ஆயிட்டாரே உங்க வீட்டுக்காரர்" என்றார்.

என்ன கற்பனை உங்களுக்கு! எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் இத்தனை நாளும்? கடையில் காய் வாங்கினால் என்ன விலை என்றுகூடச் சொல்லத் தெரியாத மனுஷன், சாவியை வைத்திருந்தவர் வீட்டுக்குப் போயிருந்தார் என்று எழுதுகிறீர்கள். ஹேட் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கடைசி இரண்டு வாக்கியத்தில் ஹேஸ் போட்டது ரொம்பச் சரி. போன கண் போனதுதானே, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஆனால் கையெழுத்து? கோழி கிளறிய மாதிரி. ஒரு எழுத்து கட்டைவிரல் அளவு, அடுத்தது அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கோடு போட்ட தாளில் கோட்டைத் தாண்டி எங்கேயோ போகிறீர்கள். ஒரு பக்கத்தில் எழுதவேண்டியதை மூன்று பக்கம் இழுத்திருக்கிறீர்கள். அவசரமாக எழுதி அனுப்பினால் எனக்குத் தெரியாதா? கையெழுத்துக்காக ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் எட்டு.

சிவப்பு மையை மாற்ற முடியாது. திருத்தம் சிவப்பில்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் தப்பு மனதில் நிற்கும். விளக்கை மாற்றுங்கள்.

கதையைச் சாப்பிடும்போது வாலுவுக்குச் சொன்னேன். வாயில் வைத்த கவளத்தை விழுங்காமல் கேட்டாள். "அவனுக்குக் கண்ணு சரியாயிடுமாம்மா?" என்கிறாள். அடுத்த தாள் வந்தால் தெரியும் என்றேன். அந்த மெக்கானிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஒரு மனைவியைக் கொடுங்கள். ஆள் இரண்டானால்தான் வாக்கியம் நீளும்.

முதல் ஞாயிறு வந்தால் போனில் பேசலாம். மருந்துக்கடைக்காரரின் காது பக்கத்திலேயே இருக்கும், அதனால் சண்டை போட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்

&nbsp;

ஏப்ரல் 22

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் திருத்தங்கள் கிடைத்தன. பெயின்டர் படித்துச் சொன்னான். பிறகு அவனே தன் பிரஷ்ஷால் சிவப்பின்மேல் கறுப்புப் பெயின்ட் வைத்துப் பெரிதாக எழுதிக் கொடுத்தான். "டீச்சர் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு" என்கிறான்.

இங்கே எல்லாரும் நலம். எனக்கு வேலை மாற்றியிருக்கிறார்கள். இப்போது பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். உட்கார்ந்த வேலை. கவலைப்படாதே.

வாலு கதை கேட்கிறாள் என்று எழுதினாயே, அதைப் பெயின்டரை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

மெக்கானிக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. இந்தத் தாளை நிதானமாகப் படி. கடைசியில் இரண்டு கேள்வி இருக்கிறது. மதிப்பெண் எப்படியிருந்தாலும் பரவாயில்லை, அதற்குப் பதில் எழுது. நீ என்ன எழுதுகிறாயோ அப்படியே கதையை முடித்துவிடுகிறேன்.

அன்புடன்,
நான்

பயிற்சித் தாள், இடது பாதி:
மெக்கானிக்குக் கல்யாணம் ஆகி ஒரு மகள் இருந்தாள். மனைவியிடம் அவன் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அவள் கடிதங்களை எல்லாம் படித்திருக்கிறாள். மேனேஜர் ஒரு காகிதம் கொண்டுவந்திருக்கிறார். அதில், விபத்துக்கு முன்பே அவனுக்கு மாஸ்க் கொடுத்திருந்தார்கள் என்றும், அறைக்குள் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. கொடுத்திருக்கவில்லை. சொல்லியிருக்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்டால் லேபிள் வேலை நிலைக்கும், சான்றும் கிடைக்கும், குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று வருஷம் அங்கேயே இருக்க வேண்டும், விபத்துக்கு நஷ்டஈடு எதுவும் கேட்க முடியாது. போடாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். வெறும் கையோடு. அவன் கையெழுத்துப் போடட்டுமா? ஊருக்குத் திரும்பட்டுமா?

&nbsp;

மே 6

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

பத்துக்கு ஒன்பது. இத்தனை வருஷத்தில் நான் ஒன்பது போட்டதில்லை. மீதி ஒன்று கையெழுத்துக்கு. அது இன்னும் மோசமாகியிருக்கிறது. தேர்வறையில் இப்படி எழுதினால் படிக்கிறவர் தூக்கிப் போட்டுவிடுவார்.

"கொடுத்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. கொடுத்திருக்கவில்லை." இந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். ஹேட் இவ்வளவு நன்றாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. பொய்யும் உண்மையும் ஒரே வேஷத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊருக்குத் திரும்பினால் கதை "வந்தான், இறங்கினான், அழுதான்" என்று சாதாரண இறந்தகாலத்தில் போய்விடும். தேர்வுக்கு அது உதவாது. அவன் அங்கேயே இருக்கட்டும். கையெழுத்துப் போடட்டும். போட்டுவிட்டு, "நான் என்ன செய்திருக்கிறேன்" என்று யோசிக்கட்டும். அங்கே இரண்டு ஹேவ் வைக்கலாம். சாப்பாட்டின்போது வாலுவிடமும் கேட்டேன். "போடட்டும்மா, அப்பத்தான் அவனோட பாப்பா அவன்கிட்ட போக முடியும்" என்றாள். ஆக, வீட்டில் இரண்டு ஓட்டும் அதற்குத்தான்.

லேபிள் வேலையைக் கதையிலும் சேர்த்தது கெட்டிக்காரத்தனம். உட்கார்ந்த வேலை கிடைத்ததும் நல்லதுதான், படிக்க நேரம் கிடைக்கும். தேர்வுக்கு முன் நன்றாகத் தூங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்

&nbsp;

ஜூன் 15

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

தேர்வு எழுதிவிட்டேன். பெயின்டர் கைபிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தான். மேசைமேல் ஒரு விளக்கு கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். ஒரு மனிதனுக்கு நேர்ந்ததை எழுதச் சொன்னார்கள். நீ சொன்னபடியே வந்தது. மெக்கானிக்கை எழுதினேன்.

காகிதத்திலும் நீ சொன்னபடி கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேனேஜர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டேன். அதற்கு முன்னால் கண்ணருகே பிடித்து முழுவதும் படித்தேன். முன்பெல்லாம் இப்படி ஒரு காகிதம் வந்தால் ஒன்றும் புரியாமல் போட்டிருப்பேன். இப்போது ஒவ்வொரு ஹேட்டும் புரிந்தது. எது முன்னால் நடந்தது என்று எழுதியிருக்கிறார்கள், எது நடக்கவே இல்லை, எல்லாம் புரிந்தது. புரிந்துதான் போட்டேன். கடிகாரமும் பக்கத்தில் நின்றார். மணி பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

இனிமேல் 'அவன்' என்று எழுத வேண்டாம் அல்லவா? போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருந்துக்கடையில் நாலு பேர் நிற்பார்கள், பக்கத்தில் வாலு நிற்பாள். கடிதத்தில் 'நான்' என்று தொடங்கினால் பேனா நகரவில்லை. 'அவன்' என்றதும் தானாக ஓடியது. நீதான் வழி காட்டினாய்.

ஒருநாள் பெயின்டர் கேட்டான், "ஏம்பா, டீச்சருக்கு இது நிஜம்னு தெரியுமா?" என்று. "அவளுக்குத் தெரியாமலா? என் கையெழுத்தைப் பாத்தாலே போதுமே. வால்வு விஷயத்தை முதல் தாள்லயே எழுதிட்டேனே" என்றேன். "தெரிஞ்சா மார்க் போட்டு அனுப்புவாங்களா?" என்றான். அவனுக்கு உன்னைத் தெரியாது. நீ அழுது எழுதியிருந்தால் நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன். நீ ஒரு சொட்டுக்கூட விடாமல் திருத்தி அனுப்பினாய். கண் போனது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது என்று எழுதினாயே, அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஒளிக்க இனி ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

வாலுவிடம் நீயே பக்குவமாகச் சொல்லியிருப்பாய். கண்ணைப் பற்றிக் கேட்டாளாமே.

அன்புடன்,
நான்

&nbsp;

ஜூன் 28

என் அன்பானவருக்கு,

எனக்குத் தெரியாது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதுகிறேன். எனக்குத் தெரியாது. கதை என்று நினைத்தேன். கற்பனையாக எழுதுங்கள் என்று நான்தானே சொன்னேன். நீங்கள் சொன்னபடி செய்கிறீர்கள் என்று நினைத்தேன்.

உங்கள் கடிதத்தை டுடோரியல் மாடிப்படியில் நின்று படித்தேன். மேலே பிள்ளைகள் காத்திருந்தார்கள். அப்புறம் கீழே இறங்கி மருந்துக்கடைக்காரரிடம் உங்கள் கம்பெனி எண்ணைப் போட்டுத் தரச் சொன்னேன். யாரோ எடுத்தார், ஆங்கிலத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார். பதினைந்து வருஷமாக ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. உங்கள் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். டூட்டியில் இருக்கிறார் என்று வைத்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்தேன். எல்லாவற்றிலும் நலம், நலம் என்றுதான் இருக்கிறது. உண்மையை எழுதிய தாள் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் கோடு போட்டு, மதிப்பெண் போட்டு, தபால்தலை ஒட்டி நானே உங்களுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கண்ணை மூடி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். எனக்கு வினைச்சொற்கள்தான் நினைவு வருகின்றன. எந்தக் கண் என்று நினைவில்லை. இடதா, வலதா? எழுதுங்கள்.

கையெழுத்துக்கு மதிப்பெண் குறைத்தேன். அதை மட்டும் மறந்துவிடுங்கள்.

தயவுசெய்து அந்தத் தாள்களை எல்லாம் உடனே அனுப்புங்கள். எங்கள் டுடோரியல் முதலாளிக்கு ஒரு வக்கீல் தெரியும். வால்வு பற்றி நீங்கள் முன்பே எழுதிய தாள் இருந்தால் ஏதாவது செய்யலாம். மேனேஜரிடம் போய்க் கையெழுத்தைத் திரும்ப வாங்குங்கள். என் மனைவிக்குப் புரியவில்லை என்று சொல்லுங்கள். வந்துவிடுங்கள். வேலை, சான்று, எதுவும் வேண்டாம். அங்கேயே இருக்கட்டும் என்று நான் எழுதியது உங்களுக்கு இல்லை. அது அவனுக்கு.

இதைக் கறுப்பு மையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்களுக்கே படிக்க வருகிறதா?

உங்கள்,
வாலு அம்மா

&nbsp;

ஜூலை 16

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

படிக்க வருகிறது. ஜன்னலோரம் வைத்து நானே படித்தேன். பெயின்டரிடம் கொடுக்கவில்லை.

இடது கண். நீ வருத்தப்படாதே. வலதில் பெரிய எழுத்து தெரிகிறது, ஆள் நடமாட்டம் தெரிகிறது. லேபிளில் எது தலை எது கால் என்று தொட்டுப் பார்த்தே ஒட்டிவிடுகிறேன்.

மேனேஜரிடம் போனேன். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அவர் காகிதத்தை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். "நீங்க படிச்சிட்டுத்தானே போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

தாள்களை அனுப்ப மாட்டேன். வக்கீல் என்ன செய்வார்? வால்வு பற்றி நான் எழுதிய தாளில் நீ 'பிரமாதம்' என்று போட்டிருக்கிறாய். அதை எடுத்துக்கொண்டு எங்கே போய் நிற்பாய்? இன்னொரு காரணமும் இருக்கிறது. நீ பேனாவை அழுத்தி எழுதுகிறவள். சிவப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தாளின் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரிகிறது. மதிய இடைவேளையில் எடுத்துத் தடவிக்கொண்டிருப்பேன். அது என்னிடம் இருக்கட்டும்.

உனக்குத் தெரியாது என்று நீ எழுதிய பிறகு யோசித்துப் பார்த்தேன். நாலு மாதம் நான் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். நீயும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்படித்தான் எனக்கு இருந்தது. அந்த நாலு மாதமும் எனக்குத் தனிமையாக இல்லை. இப்போதுதான் கொஞ்சம் தனிமையாக இருக்கிறது.

தேர்வில் பாஸ். எழுத்துப் பகுதியில் நல்ல மதிப்பெண். கம்பெனி சான்றும் கொடுத்துவிட்டது. உனக்கும் வாலுவுக்குமான படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் உன் கையெழுத்து மட்டும் வேண்டும். இதற்காகத்தான் போட்டேன் என்று நான் சொல்ல மாட்டேன். நீ வர வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன், வர வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை கேட்டுவிட்டேன். மறுபடி உன்னிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் ஊருக்கு வர மூன்று வருஷம் ஆகும். அந்தக் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அன்புடன்,
நான்

&nbsp;

ஆகஸ்ட் 2

அன்பானவருக்கு,

பெரிய எழுத்தில் எழுதினால் ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் கொள்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

படிவத்தை டுடோரியலுக்கு எடுத்துப் போனேன், திரும்ப எடுத்து வந்தேன். மருந்துக்கடை மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தேன், மூடினேன். போடாவிட்டால் உங்கள் கண் எதற்குப் போனது என்றிருக்கிறது. போட்டால், அந்தக் காகிதத்தில் இருக்கும் பொய்க்கெல்லாம் சேர்த்து நானும் போடுகிற மாதிரி இருக்கிறது. ஒரு வாரம் இப்படியே போயிற்று. மூன்று வருஷம் தனியாக லேபிளைத் தடவிக்கொண்டிருப்பீர்கள் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில்.

வக்கீலிடம் போகவில்லை. டுடோரியலில் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தாள்களை அனுப்ப வேண்டாம். வந்து நானே படித்துக்கொள்கிறேன், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இடது பாதியை மட்டும்.

வாலுவிடம் அங்கே போகப்போகிறோம் என்று மட்டும் சொன்னேன். உங்கள் கண்ணைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தீப்பெட்டியை எடுத்துப் பல் இருக்கிறதா என்று பார்த்தாள். அப்பாவிடம் காட்ட வேண்டுமாம்.

நேற்றுச் சாப்பிடும்போது கேட்டாள். "அம்மா, அந்த மெக்கானிக் கதை என்னாச்சு? கையெழுத்துப் போட்டானா?"

"போட்டான்."

"அவனோட பொண்டாட்டிக்குக் கடைசில தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சதும் என்ன பண்ணா?"

நான் அவள் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். "இன்னும் சாப்பிட்டு முடிக்கலை, தட்டை எதுக்கு எடுக்கறே?" என்று பின்னாலேயே வந்தாள்.

உங்கள்,
வாலு அம்மா